அறுபத்தொன்றாவது பெயர்

ஜூலை 3, புதன்

ஒன்றிய அலுவலகத்தில் பயிற்சி. பத்து மணிக்கு என்றார்கள். பயிற்சி கொடுப்பவர் பதினொன்றே முக்காலுக்கு வந்தார். கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஊருக்கு ஒன்று காகிதத்தில் இருக்கிறது. இனிமேல் அது வேலையும் செய்ய வேண்டுமாம். போலீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குழந்தைகள் நலக் குழு எல்லாம் ஒரே மேசையில் உட்கார வேண்டுமாம். "பாதிக்கப்பட்ட குழந்தை ஒரு தடவை சொன்னால் போதும், மிச்ச அலைச்சல் நம்முடையது" என்றார். நல்ல பேச்சுதான்.

எங்கள் பள்ளி இருக்கிற ஊருக்கு ஒருங்கிணைப்பாளர் நான். யாரும் கேட்கவில்லை, எல்லோரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். இருபத்தாறு வருஷ சர்வீஸ், அதில் ஒன்பது வருஷம் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை. என் ரிக்கார்டில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. வேறு யாரைப் போடுவார்கள்?

மனசுக்குப் பாரமான வேலை, எதையாவது எழுதி வையுங்கள் என்று ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மாவரைத்துவிட்டு எழுதுகிறேன். இவர் எட்டிப் பார்த்து, "மரகதத்துக்கு வீட்டுப்பாடமா" என்றார். ரிட்டயர்டு கண்டக்டர், பேச்சுக்குக் குறைச்சலில்லை.

ஜூலை 5, வெள்ளி

பள்ளிக்கு நாலு மின்விசிறி வந்துவிட்டது. லோகநாதன் அவர்கள் நன்கொடை. எட்டுத் தறி ஓட்டுகிறார், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறார், போன் செய்தால் எடுக்கிற ஒரே உறுப்பினர். பொன்னாடை போர்த்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை நிறுத்தியிருந்தேன். அவருடைய அக்கா மகள், சொந்தத் தாய்மாமனுக்குப் போர்த்தினால் போட்டோவுக்கு நன்றாக இருக்குமே என்று. அந்தப் பிள்ளை வர மாட்டேன் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டது. கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினேன். போர்த்திவிட்டுப் போய்த் தண்ணீர்க் குழாயடியில் வாந்தி எடுத்தாள். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள்.

மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றுகிறது.

ஜூலை 10, புதன்

அதே பிள்ளை சாயங்காலம் மணியடித்த பிறகும் நின்றாள். "டீச்சர், நான் ஆறு மணி வரைக்கும் இங்கியே இருந்துக்கட்டுங்களா? அம்மா தறியில இருக்குது."

"வூட்ல ஆருமில்லயா?"

"மாமா இருக்கறாங்க."

அப்புறம் என்ன, பெரியவங்க இருக்காங்கல்ல என்றேன். இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். நாலரை பஸ் வந்துவிட்டது. அதை விட்டால் எனக்கு ஆறேகாலுக்குத்தான் பஸ்.

முட்டி வலி. தைலம் தீர்ந்துவிட்டது, இவரை வாங்கி வரச் சொல்ல வேண்டும்.

ஜூலை 22, திங்கள்

இன்று அவள் சொன்னாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், என் அறையில், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். தன் மாமனைப் பற்றி. சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. அவள் பெயரையும் எழுதக் கூடாது, சட்டம். இந்த நோட்டில் அவள் மிதுனா.

ஜூலை 23, செவ்வாய்

குழந்தைகள் உதவி எண்ணான ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டுக்குப் போன் செய்தேன். சொன்ன முறைப்படி எல்லாவற்றையும் செய்தேன், ஒன்றைக்கூட விடவில்லை. புகாரை நானே கைப்பட எழுதினேன்.

மிதுனாவிடம், "ஒரே தடவை சொன்னாப் போதும் சாமி" என்று தைரியம் சொல்லித்தான் கூட்டிப் போனேன். பதினோரு மணிக்கு மகளிர் போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். ஒரு மணிக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்தவர், அவருக்குத் தனிப் படிவம் என்பதால் மறுபடி கேட்டார். ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் மாறிக்கொண்டிருந்த நேரம், அதனால் இரண்டு டாக்டர்களிடம். நலக் குழுவில் மூன்று பேர், அதில் ஒருவர் தாமதமாக வந்தார், அவருக்காக மீண்டும் முதலிலிருந்து. என் சேலையைப் பிடித்து இழுத்து, "அந்த ஒரு தடவை எப்பங் டீச்சர்?" என்று என்னைக் கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவளுக்கு ஆதரவு நபராக எஸ்தர் என்கிற பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். விசாரணை, கோர்ட் எல்லாவற்றுக்கும் கூடவே வரும். வயது இருபத்தெட்டு இருக்கும். பிள்ளையிடம் எதையும் கேட்காமல் ஒரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தது அந்தப் பெண் ஒருத்திதான்.

ஜூலை 25, வியாழன்

லோகநாதனைக் கூட்டிப் போய்விட்டார்கள். ஊரில் வாய்க்கா வரப்புத் தகராறு என்று பேச்சு. நல்லது, அப்படியே இருக்கட்டும்.

மிதுனாவின் அம்மா சாந்தாமணி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். புருஷன் இல்லை, தம்பியின் தறியில்தான் பிழைப்பு, தம்பி வீட்டை ஒட்டின அறையில்தான் குடியிருப்பு. ஒன்றாம் வகுப்பில் படிக்கிற சின்னவள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? புள்ள என்னமோ ஒளறுச்சுன்னா போலீசுக்குப் போறதா? எந்தம்பி இல்லாட்டி நாங்க மூணு பேரும் என்ன பண்றதுங்க?"

"உங்க புள்ள பொய் சொல்லுமா சாந்தாமணி?"

அவள் சின்னவளின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தெரிந்துதான் நிற்கிறாள் என்று எனக்குப் பட்டது. பெற்ற தாய் தெரிந்துகொண்டு எப்படிச் சும்மா இருந்தாளோ.

ஜூலை 27, சனி

அம்மாவிடம் இப்போது விட முடியாது என்று நலக் குழு முடிவு. மிதுனாவை டவுனில் உள்ள குழந்தைகள் இல்லத்தில் விட்டோம். நாற்பது கிலோமீட்டர். ஜீப்பில் எஸ்தர், நான், அவள்.

வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஊருக்குள்ள ஆருக்கும் தெரியக்கூடாதுங் டீச்சர். நான் திரும்பி வந்து நம்ம கிளாஸ்லயேதான் உக்காரோணும். என்ற எடத்த ஆருக்கும் குடுத்தறாதீங்க."

தெரியாது, கொடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். மஞ்சள் காமாலை, சத்தியமங்கலத்தில் பெரியம்மா வீட்டில் நாட்டு மருந்து சாப்பிடுகிறாள் என்று சொல்வதாக ஏற்பாடு. சாந்தாமணியும் அதற்கு ஒப்புக்கொண்டாள். அவளுக்கும் வெளியே தெரியக் கூடாது.

ஆகஸ்ட் 1, வியாழன்

இன்றைய தலைக்கணக்கை வைத்துத்தான் வருஷம் முழுக்க ஆசிரியர் பணியிடம். அறுபத்தொரு பிள்ளைகள் இருந்தால் மூன்று ஆசிரியர். அறுபது என்றால் இரண்டு. மூன்றாவது ஆள் நித்யா டீச்சர், ஆறு மாதக் கைக்குழந்தையோடு வருகிறாள். ஒரு பிள்ளை குறைந்தால் அவளை மலை மேல் எங்காவது தூக்கிப் போடுவார்கள்.

எங்கள் கணக்கு அறுபத்தொன்று. அதிகாரி வந்தார், ஏட்டைப் பார்த்தார், டீ குடித்தார், போய்விட்டார். தலையை எண்ணவில்லை. நித்யா கண் கலங்கிவிட்டாள். "உங்களாலதான் மேடம்" என்றாள்.

பீர்க்கங்காய் கிலோ எண்பது ரூபாய். யார் வாங்குவார்கள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இல்லத்திலிருந்து வார்டன் போன். மிதுனாவைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்க மாற்றுச் சான்றிதழ் வேண்டுமாம். இரண்டு மாதத்தில் திரும்பி வருகிற பிள்ளை, எதற்கு அங்கும் இங்கும் அலைக்கழிக்க வேண்டும் என்றேன். அவள் இடத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அவளே கேட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 24, சனி

எஸ்தரோடு இல்லத்துக்குப் போனேன். முறுக்கும் ஐந்தாம் வகுப்புப் புத்தகங்களும் கொண்டுபோனேன். மிதுனா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் போயிருக்கிறார்கள்.

"பகல்ல என்ன பண்ணுவ?"

"ஒண்ணுமில்லீங். டிவி பாப்பேன். அக்காங்க பள்ளிக்கூடம் போயிட்டு வர்ற வரைக்கும் வாசல்ல உக்காந்திருப்பேன்."

எஸ்தர் வெளியே வந்ததும், "டி.சி. குடுத்துருங்க டீச்சர், புள்ள ஒரு மாசமா படிப்பில்லாம கெடக்கு" என்றது. நான் வாங்கிக் கொடுத்த புத்தகத்தைக் காட்டினேன். எஸ்தருக்கு அலுவலக நடைமுறை அவ்வளவாகத் தெரியாது, சின்னப் பெண்.

மிதுனா கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். இரவில் தூங்குகிறாளாம்.

செப்டம்பர் 6, வெள்ளி

நாற்பத்தைந்து நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல். மாவட்டத்திலேயே இவ்வளவு சீக்கிரம் எந்த ஊரிலும் நடந்ததில்லையாம். ஒருங்கிணைப்பு என்றால் இதுதான் என்று கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கை தட்டினார்கள். லோகநாதனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது, ஆனால் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது, சேலத்தில் தங்க வேண்டும் என்று உத்தரவு.

டாக்டர் அறிக்கை மட்டும் வழவழ கொழகொழ. எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பிள்ளையின் வாய்தான் கேஸ் என்றார் இன்ஸ்பெக்டர்.

செப்டம்பர் 20, வெள்ளி

காலாண்டுத் தேர்வு. கூடவே ஒரு கட்டுப் படிவம். தொடர்ந்து முப்பது நாள் வராத பிள்ளைகளை இடைநின்றவர்கள் என்று இணையதளமே பட்டியல் எடுத்துவிடுகிறது. எங்கள் பள்ளியில் ஒரே பெயர். ஏட்டின்படி ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வந்திருக்கிறாள், அதன் பிறகு வரவில்லை. காரணம் என்ன என்று ஒரு கட்டம். மஞ்சள் காமாலை என்று எழுதப் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. ஊரில் வாயால் சொல்வது வேறு, அரசுப் படிவத்தில் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. "நலக் குழு ஆணைப்படி அரசுப் பாதுகாப்பு இல்லத்தில்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தேர்வுத் தாளில் ஐந்தாம் வகுப்புக்குப் பதினாலு தாள் வந்தது. ஒன்று மிச்சம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

சாந்தாமணி வீட்டுக்குப் போனேன். நாலாவது தடவை. எஸ்தர் அவளுக்கு வேறொரு தறிப் பட்டறையில் வேலை பார்த்துக் கொடுத்திருக்கிறது, மேட்டுத் தெருவில் தனி வீடும் பார்த்தாயிற்று. காப்பி கொடுத்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்குத் தெரியுங் டீச்சர். புள்ள சொல்லுச்சுங்க, போன வருஷமே. நாந்தான் வாய மூடுன்னு அடிச்சுப்போட்டேன்."

அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவள் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை.

"கூட்டியாங்க. ஊருக்குத் தெரியாம இருந்தாப் போதும், நான் புள்ளகளக் காப்பாத்திக்குவேன்" என்றாள்.

அக்டோபர் 9, புதன்

நலக் குழு உத்தரவு வந்துவிட்டது. மிதுனா வீட்டுக்கு வருகிறாள். இவருக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தேன். "எதுக்கு" என்றார். சும்மா என்றேன்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. எஸ்தர் அவளைக் கொண்டுவந்து விட்டது. நல்ல நாள் என்று சாந்தாமணி பாயசம் வைத்திருந்தாள். தங்கச்சி அக்காவை விடாமல் கட்டிக்கொண்டாள். மேட்டுத் தெருவில் பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "காமாலை தெளிஞ்சுதா கண்ணு" என்று கேட்டாள். மிதுனா, "தெளிஞ்சுதுங்க, உப்பில்லாமத் திங்கோணும்" என்றாள். எவ்வளவு சாமர்த்தியம். திங்கட்கிழமை பள்ளிக்கு வருகிறாள். தலைக்கு ரிப்பன் வாங்கி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 14, திங்கள்

எழுதத்தான் வேண்டும்.

காலை ஒன்பது மணிக்குப் பள்ளி முன்னால் ஒரு வேன். வட்டார அலுவலகத்திலிருந்து நாலு பேர், டிரம் செட், மாலை, மைக். இடைநின்ற பிள்ளைகளை ஊர்வலமாகப் போய் அழைத்து வரும் வாரமாம். மாலை போட்டு, மேளம் அடித்து, வகுப்புப் பிள்ளைகள் அட்டை பிடித்து நடப்பார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். போன வருஷம் செங்கல் சூளைப் பையன் ஒருவனை அப்படித்தான் கூட்டி வந்தோம், அவனுக்கு ஒரே சந்தோஷம்.

"உங்க ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான் மேடம்" என்று மேற்பார்வையாளர் பட்டியலை நீட்டினார்.

"இந்தப் புள்ள இன்னிக்குத் தானாவே வருது சார். ஊர்வலம் வேண்டாங்க."

"வருதில்ல, அப்ப இன்னும் நல்லது. போட்டோ ஏத்தோணும் மேடம், கலெக்டர் ஆபீஸ்ல கேக்கறாங்க."

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால், என்றைக்கிலிருந்து இல்லத்தில் இருந்தாள் என்று கேட்பார். கையில் என் வருகைப் பதிவின் நகல் வைத்திருந்தார். அதை இரண்டு விரலால் புரட்டிக்கொண்டே நின்றார். பிள்ளைகள் அதற்குள் வரிசையில் நின்றுவிட்டார்கள். நித்யா டீச்சர் அட்டைகளைக் கொடுத்துவிட்டாள். நான் முன்னால் நடந்தேன்.

மிதுனா யூனிபார்மோடு, இரட்டை ஜடையோடு, தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு வீட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். தெருவே கூடிவிட்டது. மைக் பிடித்த தன்னார்வலப் பெண், பாவம் அதற்கு ஒன்றும் தெரியாது, படிவத்தைப் பார்த்து அப்படியே படித்தது. "குழந்தைகள் நலக் குழு ஆணைப்படி அரசுப் பாதுகாப்பு இல்லத்திலிருந்து மீண்டு வந்திருக்கும் ஐந்தாம் வகுப்பு மாணவி" என்று சொல்லி, பெயரையும் சொன்னது. இரண்டு தடவை.

டிரம்மை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவர்கள் நான் வேகமாக அடிக்கச் சொல்வதாக நினைத்துக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டு அம்மாள் சாந்தாமணியைப் பார்த்தாள். பிறகு லோகநாதன் பூட்டி வைத்திருக்கிற பட்டறைப் பக்கம் பார்த்தாள். அவ்வளவுதான், ஜூலையில் அவனைக் கூட்டிப் போனதும் இந்தப் பிள்ளை இல்லத்தில் இருந்ததும் அவள் மூஞ்சியில் ஒன்றாகச் சேர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மிதுனா கழுத்தில் மாலையோடு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. மாலையைக் கழற்றி வாசல் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போட்டோ எடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 15, செவ்வாய்

வரவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

வரவில்லை. குழாயடியில் எல்லாம் இதே பேச்சு. நான் போனதும் நிறுத்துகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து, "டீச்சர், போக்சோன்னா என்னங்க?" என்று கேட்டது. உட்கார் என்றேன்.

அக்டோபர் 21, திங்கள்

எஸ்தரோடு சாந்தாமணி வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தாள்.

"ஊருக்கே தமுக்கடிச்சு உட்டீங்களே டீச்சர். புதுப் பட்டறைக்காரரு வராதேன்னுட்டாரு. வூட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லுது. நாளைக்கு ஆரு இந்தப் புள்ளயக் கட்டுவாங்க? இனி எந்தம்பிய உட்டா எனக்கு ஆரிருக்கறாங்க, சொல்லுங்க பாக்கலாம்."

"நாங்க இருக்கோம் சாந்தாமணி."

சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவள் என்னை அறைந்திருக்கலாம்.

திரும்பி வரும்போது எஸ்தர் கேட்டது, "படிவத்துல காரணத்த எழுதுனது யாரு டீச்சர்?" ஆபீஸில் யாராவது எழுதியிருப்பார்கள் என்றேன்.

நவம்பர் 8, வெள்ளி

நித்யா டீச்சர் கணவர் ஊருக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். செப்டம்பரிலேயே எழுதிக் கொடுத்திருந்தாளாம். ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தாள். வீட்டுக்கு எடுத்து வந்தேன், இவர்தான் தின்றார்.

நவம்பர் 19, செவ்வாய்

சாந்தாமணி மறுபடி தம்பி பட்டறைக்கே குடிபோய்விட்டாள். அவன் சேலத்திலிருந்து போனில் தறியை ஓட்டச் சொல்லிவிட்டானாம். நலக் குழுவுக்கு எழுதினேன். தாயோடுதானே இருக்கிறாள், அவன் அங்கே இல்லையே என்று பதில். இன்ஸ்பெக்டருக்குச் சொன்னேன். கண்காணிக்கிறோம் என்றார். ஒரே மேசை என்றார்களே, அந்த மேசை எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும் போலிருந்தது. ஒருங்கிணைப்பாளர் நான்தான், யாரைக் கேட்பது?

டிசம்பர் 11, புதன்

கோர்ட். பிள்ளையை முதலில் கூப்பிட்டார்கள். மூடின அறை, எஸ்தர் மட்டும் கூடப் போனது. நான் வெளியே பெஞ்சில். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டார்கள். எஸ்தர் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு என்னிடம் வந்தது.

"ஒண்ணுமே நடக்கலைன்னு சொல்லிட்டா டீச்சர். மாமா திட்டினதுனால கோவத்துல சொன்னேன், ஹெச்.எம். டீச்சர் எழுதுனதைத்தான் எல்லாருகிட்டயும் சொன்னேன்னுட்டா. மனப்பாடமா சொல்றா. யாரையும் நிமிந்து பாக்கல."

அரசு வக்கீல் என்னிடம் வந்தார். இனி நீங்கள் ஒருவர்தான் என்றார். முதல் நாள் உங்களிடம் தானாகச் சொன்னாள் என்பதை நீதிபதி நம்பினால் இன்னும் ஒரு வழி இருக்கிறது என்றார். நான் நன்றாகச் சொன்னேன். தட்டுத் தடங்கல் இல்லாமல், தேதி, நேரம், அவள் கையில் இருந்த தட்டு வரைக்கும். நீதிபதி எழுதிக்கொண்டே வந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் வருகைப் பதிவேட்டை நீட்டினார்.

"இதை எழுதறது நீங்கதானம்மா?"

"ஆமாங்க."

"ஆகஸ்ட் ஒண்ணாந் தேதி அந்தக் குழந்தை எங்க இருந்துச்சு?"

"இல்லத்துல."

"இங்க வந்ததாக் கோடு போட்டிருக்கே. யார் போட்டது?"

நித்யாவின் கைக்குழந்தை, மலை மேல் பணியிடம், அறுபத்தொன்று, எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. யார் அதைக் கேட்டார்கள். "நான்" என்றேன்.

"வராத குழந்தையை வந்ததா எழுதின கை. இந்தக் கைதான புகாரையும் எழுதினது?"

"ஆமாங்க."

நீதிபதி பேனாவை மூடி வைத்தார். வேறு கேள்வி இல்லை என்றார் வக்கீல்.

பஸ்ஸில் எஸ்தர் பக்கத்து சீட்டில் உட்காரவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

ஒரு கோடு. இரண்டு விரற்கடை நீளம்கூட இல்லை. யாருக்கும் கெடுதல் நினைத்துப் போடவில்லை. எல்லாப் பள்ளிகளிலும் போடுகிறார்கள்.

டிசம்பர் 30, திங்கள்

விடுமுறை. ரேஷனில் பருப்பு இல்லை. இவர் காலையிலிருந்து என்னிடம் பேசவில்லை. நான் பேசாததனால் அவரும் பேசவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஜனவரி 23, வியாழன்

விடுதலை செய்துவிட்டார்கள்.

ஜனவரி 27, திங்கள்

மிதுனா பள்ளிக்கு வந்தாள். அக்டோபருக்குப் பிறகு இன்றுதான். அவள் இடம் காலியாகத்தான் இருந்தது, போய் உட்கார்ந்தாள். பக்கத்துப் பிள்ளை பையை நகர்த்தி வைத்துக்கொண்டது. அதை நான் பார்த்ததை மிதுனாவும் பார்த்தாள். பெயர் கூப்பிட்டபோது "உள்ளேன் டீச்சர்" என்றாள்.

நாலு பத்துக்கு லோகநாதன் கேட்டுக்கு வெளியே பைக்கில் வந்து நின்றான். வெள்ளை வேட்டி, சட்டை. "வணக்கங் டீச்சர். புள்ளைகளக் கூட்டிட்டுப் போகலாம்னு" என்றான். எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னான்.

உள்ளே போய் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தேன். விடுதலையான ஆள், தாய்மாமன், எந்தச் சட்டத்தில் தடுப்பேன், பிள்ளை மறுபடி வாயைத் திறந்தால் சொல்லுங்கள் என்றார். எஸ்தருக்குச் செய்தேன். எஸ்தர், "வர்றேன் டீச்சர், பஸ்ஸுக்கு ஒண்ணரை மணி நேரம் ஆகும்" என்றது.

மிதுனா பையை மாட்டிக்கொண்டு வராண்டாவில் நின்றாள். தங்கச்சி ஒன்றாம் வகுப்பிலிருந்து ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மிதுனா முன்னால் குனிந்தேன்.

"நீ போவேண்டாஞ் சாமி. எங்கூட இரு. எஸ்தர் அக்கா வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் இருக்கலாம். நான் எங்கியும் போகமாட்டேன்."

"வேண்டாங் டீச்சர்."

"ஏங் கண்ணு?"

"நான் போகலீன்னா பாப்பாவ மட்டும் கூட்டிட்டுப் போயிருவாங்க."

தங்கச்சிக்குப் புரியவில்லை. அக்காவின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜூலையிலிருந்து எத்தனை அதிகாரிகள், எத்தனை படிவங்கள், எத்தனை கூட்டங்கள். அந்த வீட்டில் இன்னொரு பெண் பிள்ளையும் இருக்கிறாளே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவளுக்குத் தினமும் நான்தான் வருகை எடுக்கிறேன்.

"பாப்பாவும் இங்கியே இருக்கட்டும்" என்றேன்.

"எத்தன நாளைக்குங் டீச்சர்?"

நான் அவள் பை வாரைச் சரிசெய்தேன். அவள் தங்கச்சியின் பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

அவன் சின்னவளைத் தூக்கி முன்னால் டேங்க் மேல் உட்காரவைக்கக் கை நீட்டினான். மிதுனா அந்தக் கையைத் தாண்டிப் போய், தங்கச்சியைத் தூக்கிப் பின்னால் கடைசியில் உட்காரவைத்தாள். தான் நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.